மடியில் வந்த ஓணானின் மார்கழி

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்று புலம்பியவனைப் பற்றி நம்மூரில் ஒரு பழமொழி உண்டு. அந்தப் பழமொழி பிறந்த காலத்தில் ஓணானை மடியில் விட்டுக்கொள்ள யாரும் காசு கொடுத்ததில்லை. இப்போது கொடுக்கிறார்கள், அதுவும் ஆயிரக்கணக்கில். தாம்பரத்தைத் தாண்டி சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று நீளும் புறநகரின் அடுக்குமாடிகளிலும் அந்த ஆசை எட்டிப் பார்க்கிறது. கண்ணாடித் தொட்டி, மேலே ஒரு ஹீட் பல்ப், உள்ளே ஒரு கட்டை. கட்டையின் மேல் ஒன்றரை அடி நீளத்தில், மணல் நிறத்தில், தொண்டையைச் சுற்றி முள்முள்ளாக ஒரு பிராணி. பெயர் பியர்டட் டிராகன். கோபம் வந்தால் தொண்டை முட்கள் விரிந்து தாடிபோல் கறுக்கும், அதனால் வந்த பெயர். டிராகன் என்றதும் மிரள வேண்டாம். நம் மதில்மேல் உட்கார்ந்து தலையாட்டும் ஓணானும் அதுவும் ஒரே குடும்பம். விலங்கியலில் அகாமிடே என்பார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வீடுகளில் நவம்பர் பிற்பாதியிலோ மார்கழியிலோ ஒரு பிரச்சினை தலைகாட்டும். நேற்றுவரை சுவர்க்கோழியைப் பார்த்ததும் பாய்ந்து வந்தது இன்று திரும்பிக்கூடப் பார்க்காது. விளக்குக்குக் கீழே வராமல் ஓட்டுத்துண்டின் அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். பகல் 11 மணிக்கும் கண் மூடியே இருக்கும். இணையத்தில் தேடினால் பதில் சட்டென்று கிடைக்கிறது: "குளிர்கால உறக்கம், இயல்பானது, தொந்தரவு செய்யாதீர்கள்." வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அந்தப் பதில் தவறில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ப்பவர்களுக்காக எழுதப்பட்டது. சேலையூருக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் முடியாது என்று சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

பிறந்த வீட்டுப் பருவம்

போகோனா விட்டிசெப்ஸ் என்ற இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தவர் எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானியர், 1926-இல். கிழக்கு, மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடுதான் இதன் ஊர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உட்பகுதியில் டார்லிங் ஆற்றங்கரையில் பர்க் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 35 சென்டிமீட்டர் அளவு. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். பர்க்கின் ஒன்றேகால் ஆண்டு மழையை விட அதிகம், நமக்கு ஒரே நாளில் கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம்காரர்களுக்கு அந்த நாளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பர்க்கில் ஜனவரிப் பகல் 36 டிகிரியைத் தொடும். ஜூலை இரவில் 5 டிகிரி வாக்கில் இறங்கிவிடும். பகல் நீளமும் அப்படித்தான்: கோடையில் 14 மணி நேரத்தைத் தொடும் பகல், குளிர்காலத்தில் 10 மணி நேரத்துக்குச் சுருங்கும். ஆக, அந்த ஊர்ப் பல்லிக்குப் பருவம் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். வெளிச்சம் குறைகிறது, நிலம் குளிர்கிறது, பூச்சிகள் மறைகின்றன. அது உணவைக் குறைத்து, மண்ணுக்குள்ளோ விழுந்த மரத்தடியிலோ புகுந்து, தென் அரைக்கோளத்தின் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்டு வரை பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். பாலூட்டிகளின் குளிர்கால உறக்கம் போல இது ஆழ்ந்த மயக்கம் அல்ல. இடையில் ஒரு வெதுவெதுப்பான நாள் வந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுக்கும். வசந்தம் பிறந்ததும் ஆண்கள் கறுத்த தாடியோடு கட்டைமேல் ஏறித் தலையாட்டத் தொடங்குவார்கள். பெண்ணும் சிறியவையும் முன்னங்காலைத் தூக்கி மெதுவாக வட்டமாக ஆட்டி, "நான் சண்டைக்கு வரவில்லை" என்று தெரிவிக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்து, நமக்கு டாட்டா காட்டுகிறது என்று வீடியோ எடுப்பார்கள். எடுக்கட்டும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

பருவம் மாறுவதை இது எப்படி அறிகிறது? இரண்டு கண்கள் போக, உச்சந்தலையில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. சிவபெருமானுடையது நெற்றியில், இதனுடையது உச்சியில், ஒரு செதிலுக்கு அடியில், சின்னப் புள்ளியாக. லென்ஸும் விழித்திரையும் உண்டு, ஆனால் உருவம் தெரியாது. வெளிச்சம், இருட்டு மட்டும் தெரியும். அதற்குக் கீழே இருக்கும் பீனியல் சுரப்பி இருட்டில் மெலட்டோனின் சுரக்கும். இரவு நீண்டால் சுரப்பும் நீளும். அதுவே உடலுக்கு நாட்காட்டி. நம் ஓணானுக்கும் இதே உச்சிக்கண் உண்டு.

இப்போது சேலையூரை எடுத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை வடக்கே. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். பர்க்கிலோ கிட்டத்தட்ட 4 மணி நேரம். வானத்தைப் பார்த்து மாதம் சொல்ல முடியாத ஊர் இது. போதாததற்கு, தொட்டிக்குள் விளக்கு எரிவது சூரியனைக் கேட்டு அல்ல. வீட்டில் யாராவது சுவிட்ச் போட்டால் எரிகிறது, மறந்தால் இல்லை. ஒருநாள் 9 மணி நேரம், அடுத்த நாள் 15 மணி நேரம், நடுவில் ஒரு மின்வெட்டு. இந்தக் குழப்பத்தில் அது எந்தப் பருவம் என்று முடிவு செய்யும்? 300 ரூபாய் சமாச்சாரமான ஒரு டைமரை மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும் என்பேன். விளக்கே மாறாமல் இருந்தும் ஆண்டுக்கொருமுறை படுத்துக்கொள்ளும் டிராகன்களும் உண்டு. உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதற்கு அது அடையாளம்.

மதில்மேல் இருப்பவர் கணக்கு

இந்த ஊரில் பல்லி வாழும் முறையை அறிய வேண்டுமானால் தொட்டிக்கு வெளியே போக வேண்டும். சேலையூருக்குப் பக்கத்திலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம் இருக்கிறது. 1837-இல் சென்னையில் தொடங்கிய அந்தக் கல்வி நிறுவனம் 1937-இல் தாம்பரத்துக்குக் குடிவந்தபோது, புதர்க்காட்டை முழுக்க அழிக்காமல் அதற்குள்ளேயே கட்டடங்களை எழுப்பினார்கள். வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் அங்கே மரம் நட்டு வளர்த்தார். சென்னையின் கிழக்குக் கரைக்கே உரிய முட்புதர்க் காடு எப்படி இருந்தது என்று பார்க்க, இந்தப் பக்கத்தில் மிச்சமிருக்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று. நன்மங்கலம் காப்புக்காடு இன்னொன்று. ஓணானுக்கு இதைவிட நல்ல முகவரி கிடைக்காது. வளாகத்துக்குள் போக முடியாதவர்களுக்கு வீட்டு மதில் போதும்.

கேலோடஸ் வெர்சிகலர் என்று 1802-இல் தோதேன் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் விவரித்த இந்த ஓணான், ஆண்டை எப்படிப் பிரிக்கிறது? ஜனவரியில் அது இருக்குமிடம் தெரியாது. பழுப்பாக, அடக்கமாக, வெயில் ஏறிய பிறகே வெளியே வரும். பங்குனி பிறந்து வெயில் உறைக்க ஆரம்பித்ததும் ஆண்கள் மதிலின் உச்சியைப் பிடிக்கும். தலையும் தொண்டையும் சிவக்கும், கன்னத்தில் கறுப்புத் திட்டு விழும், முன்னங்கால்களை ஊன்றித் தண்டால் எடுக்கும். இந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் தூரத்திலிருந்தே நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று பிள்ளைகள் கல்லெடுத்தார்கள். ராமனுக்கு அணில் இளநீர் கொடுத்ததாகவும் ஓணான் வேறெதையோ கொடுத்ததாகவும் ஒரு கதை கட்டி அந்தக் கல்லுக்கு நியாயமும் தேடினார்கள். பாவம், அது பெண் தேடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கர்நாடகத்தின் தார்வாடில், கர்நாடகப் பல்கலைக்கழக விலங்கியலாளர்கள் சைதாபூர், பாக்யஸ்ரீ ஷண்பாக் முதலியோர் பல ஆண்டுகள் இந்த ஓணானின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டதில் என்னை மிகவும் ஈர்த்தது இது: முட்டை முழுதாக உருவாகி ஓடும் படிந்த பிறகும், மழை வந்து மண் நனையாவிட்டால் தாய் ஓணான் அவற்றை இடாமல் வயிற்றிலேயே வைத்திருக்கிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட. ஓணான் முட்டையின் ஓடு கோழி முட்டையுடையதைப் போலக் கெட்டியானதல்ல. தோல் போன்றது, மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சித்தான் உள்ளே குஞ்சு வளர வேண்டும். காய்ந்த மண்ணில் இட்டால் முட்டை வற்றிப்போகும். அதனால் தாய் மழைக்குக் காத்திருக்கிறது.

இந்த ஊர்ப் பல்லியின் ஆண்டு, குளிரால் அல்ல, வெயிலாலும் நீராலும் பகுக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். சென்னையில் கோடை முடிந்து இடியோடு வரும் மாலை மழைகளில் மண் இளகியதும் பெண் ஓணான் தோட்ட ஓரத்தில் குழி தோண்டி, பத்துப் பதினைந்து முட்டையிட்டு, மூக்கால் மண்ணைத் தள்ளி மூடி, அழுத்திவிட்டுப் போகும். ஏறக்குறைய ஆறேழு வாரத்தில் குஞ்சுகள். அவை வளரும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை. ஈசலும் பூச்சியும் கொழிக்கும் காலம். வட இந்தியாவில் இதன் மிக நெருங்கிய உறவுகள் குளிர்காலத்தில் மண்ணுக்குள் ஒடுங்கிவிடுகின்றன. தெற்கே அந்தத் தேவை இல்லை, மந்தமாகும், மறையாது.

செங்கல்பட்டு மாவட்டத்துப் புதர்வெளிகளிலும் கடற்கரை மணலிலும் இன்னொரு உறவுக்காரர் உண்டு: விசிறித்தொண்டை ஓணான். விரல் நீளம்தான். கோடையில் ஆண் ஒரு கல்மேல் ஏறித் தொண்டைத் தோலை விசிறிபோல் விரித்து மடக்கும். மழைக்காலத்தில் போய்ப் பார்த்தால் விசிறியைக் காட்டாது.

ரெண்டுங்கெட்டான் குளிர்

ஆஸ்திரேலியப் பல்லி சேலையூர் டிசம்பரில் படுத்துக்கொண்டால் என்ன ஆகும்? இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

பல்லியின் உடலில் எரிபொருள் செலவு உடல் வெப்பத்தைப் பொறுத்தது. 10 டிகிரி குறைந்தால் செலவு ஏறத்தாழ பாதியாகும். இது பெரும்பாலான ஊர்வனவற்றுக்கும் பொருந்தும் பொது விதி. பியர்டட் டிராகன் விழித்துத் திரியும்போது உடலை 35 டிகிரிப் பக்கம் வைத்துக்கொள்ள விரும்பும். அப்போதைய செலவை 100 என்று வைத்தால், 25 டிகிரியில் 50-ஐ ஒட்டி வரும், 15 டிகிரியில் 25. பர்க்கின் குளிர்கால மண்ணுக்குள் அது இந்தக் கடைசிக் கணக்கில், அல்லது அதற்கும் கீழே, சிக்கனமாகக் குடித்தனம் நடத்துகிறது. கோடையில் வயிற்றில் சேர்த்த கொழுப்பு மூன்று மாதத்துக்குத் தாங்கும்.

சென்னையில் இதுவரை பதிவானதில் மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறாண்டுக்கு முன். ஒரு சாதாரண ஜனவரி அதிகாலை 20, 21 டிகிரி. அடுக்குமாடி வீட்டுக்குள் 25-க்குக் கீழே போவதே அபூர்வம். ஆகவே விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கவிட்ட டிராகன் 25, 26 டிகிரியில் கிடக்கும். ஆழ்ந்து ஒடுங்க இது போதாது. செலவு பாதிக்கு மேல் குறையவில்லை. உண்டு செரிக்கவும் போதாது. இரைப்பையும் குடலும் ஒழுங்காக வேலை செய்ய உடல் 30-க்கு மேல் சூடேற வேண்டும். வரவு இல்லை, செலவு மட்டும் பாதி வேகத்தில் ஓடுகிறது. மூன்று மாதம் இப்படிப் போனால் விலாவும் இடுப்பெலும்பும் தெரியும். வெளிநாட்டுக் கையேடு "தூங்கட்டும்" என்று சொல்லும்போது அது 12 அல்லது 15 டிகிரி அறையை மனத்தில் வைத்துச் சொல்கிறது. நம் மார்கழி அப்படிப்பட்டதல்ல. பல்லியின் கணக்கில் அது ரெண்டுங்கெட்டான்.

அதற்காக ஏ.சி.யை 18-இல் வைத்துத் தூங்கவைக்கிறேன் என்று கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. இரவெல்லாம் 18, மின்சாரம் போனால் 27, காலையில் மறுபடி 18 என்று ஆட்டிப்படைப்பதைவிட, மழைக்காலம் முழுக்க விளக்கை ஒழுங்காக எரியவிட்டு, அதை விழிப்பாகவே வைத்திருக்கப் பார்ப்பது மேல். கட்டையின் உச்சியில் 40 டிகிரி, தொட்டியின் மறுகோடியில் 26, 27. காலை 7 முதல் மாலை 7 வரை வெளிச்சம். இரவில் எந்த விளக்கும் வேண்டாம், சிவப்பு விளக்கும் வேண்டாம். சேலையூர் இரவு எந்தப் பல்லிக்கும் கேடான குளிர் அல்ல.

இதையும் மீறி ஓட்டுத்துண்டின் அடியில் போய்ப் படுத்தால்? படுக்கட்டும். இழுத்து வெளியே போட்டு வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும், அது வேண்டும்போது வந்து காயும். ஆனால் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு வயது நிறையாத குட்டி என்றால் இது உறக்கம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. வளரும் உடலுக்கு அந்தச் சேமிப்பு இல்லை, நோய் என்றே கருத வேண்டும். இரண்டாவது, எடை. காய்கறி நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், வாரம் ஒருமுறை எழுதிவையுங்கள். 400 கிராம் இருந்தது 360-க்கு வந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு போனால், உறக்கக் கதையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூன்றாவது, படுக்கப் போகுமுன் வயிறு காலியாக இருக்க வேண்டும். நிறையத் தின்றுவிட்டு அன்றே விளக்கு அணைந்தால் தின்றது செரிக்காமல் உள்ளேயே அழுகும்.

இந்த மூன்றாவது விஷயம்தான் புயல் நாட்களில் உதவும். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தென்சென்னைப் புறநகரில் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது வளர்ப்பவரின் முதல் பயம், குளிரில் செத்துவிடுமோ என்பது. சாகாது. வீடு 24, 25 டிகிரிக்குக் கீழே போகப்போவதில்லை. பிராணி நன்றாக இருந்தால் ஒரு வாரம் உணவில்லாமல் இருக்கும். பாசத்தில் அந்த நேரம் பார்த்து ஊட்டுவதுதான் ஆபத்து. புயல் எச்சரிக்கை வந்ததும் தீவனத்தை நிறுத்துங்கள்; விளக்கு திரும்பி ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு தொடங்குங்கள்.

ஈரம்

குளிரைவிட நம் ஊரில் பல்லியை வீழ்த்துவது ஈரம். சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. அந்த நாட்களில் வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். பியர்டட் டிராகன் கேட்பது 30, 40. சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி, மாடம்பாக்கம் ஏரி என்று சுற்றிலும் நீர். கீழ்த்தள வீடுகளில் சுவரே வியர்க்கும். இந்த ஈரத்தில் நுரையீரல் தொற்று வரும். மூக்கோரம் நுரை, வாயில் கோழை, குளிர்ந்த இடத்திலும் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது ஆகியவை அடையாளங்கள். சூடான கட்டையில் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பது வேறு. அது வெப்பத்தை வெளியேற்றும் வழி, இயல்பானது. தோலில் மஞ்சளாகப் படர்ந்து உள்ளே ஊடுருவும் பூஞ்சை நோயும் இந்த இனத்துக்கு உண்டு, விட்டால் கொல்லும்.

"தூங்குதும்மா, எழுப்பாதே" என்று பிள்ளை சொல்லும், அம்மாவும் சரி என்று விட்டுவிடுவார். உள்ளே நுரையீரலில் சளி கட்டிக்கொண்டிருக்கும். உறக்கமும் நோயும் மேலுக்கு ஒன்றுபோலவே தோன்றுவதுதான் சேலையூர் மார்கழியின் பொல்லாப்பு. தொட்டியின் மேல் மூடி வலையாக இருக்கட்டும், பக்கத்திலும் காற்றோட்டம் வேண்டும். குடிதண்ணீர்க் கிண்ணத்தை விளக்கின் அடியில் வைக்காதீர்கள். தேங்காய் நார்த்தூள் பரப்புவது மழைக்காலத்தில் வினையை விலைக்கு வாங்குவது, செய்தித்தாள் போதும்.

மழைக்காலத்துக்கென்று இன்னும் இரண்டு எச்சரிக்கை. கொசுவுக்காகத் தெருவில் மருந்துப் புகை அடிக்கும் நாட்களில் தோட்டத்தில் பிடித்த பூச்சியைப் போடாதீர்கள். மின்மினியை ஒருபோதும் போடாதீர்கள்: அமெரிக்க மின்மினிகளைத் தின்று பியர்டட் டிராகன்கள் இறந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மின்மினி இல்லாத கண்டத்தில் பிறந்த பிராணியல்ல இது. ஆனால் அமெரிக்க மின்மினியின் உடலிலுள்ள இதயநஞ்சை அதற்கு அடையாளம் தெரியவில்லை. நம்மூர் மின்மினியில் என்ன இருக்கிறது என்று உங்கள் செல்லத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம்.

கத்திரி வெயிலில்

மே 4 முதல் 28 வரை வெயிலின் ஆட்சி. 2003 மே மாதம் சென்னை 45 டிகிரியைத் தொட்டது. பாலைவனப் பிராணிதானே, இதெல்லாம் அதற்குச் சர்க்கரைப் பொங்கல் என்று நினைக்கத் தோன்றும். தன் ஊரில் 42 டிகிரியில் அது என்ன செய்கிறது? புதரடிக்குப் போகிறது, வளைக்குள் இறங்குகிறது. வெயிலைத் தாங்குவதல்ல, வெயிலிலிருந்து விலகத் தெரிவதுதான் அதன் திறமை. நான்கடித் தொட்டிக்குள் எங்கே விலகும்? மாடியின் கடைசித் தளத்து அறையே 36 டிகிரி இருக்கும்போது மேலே விளக்கும் எரிந்தால் குளிர்ந்த மூலை என்று ஒன்றே இல்லாமல் போகும். கத்திரியில் நண்பகலிலிருந்து மாலை 4 மணி வரை ஹீட் பல்பை அணைத்துவிடுங்கள். வெறும் மின்விசிறி பெரிதாக உதவாது. நம்மைப் போல அதற்கு வியர்ப்பதில்லை.

இதே வெப்பம் முட்டைக்குள் இன்னொரு வேலை செய்கிறது. இந்த இனத்தில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஆனால் முட்டை 32 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் இருந்து பொரிந்தால் ஆண் குரோமோசோம் கொண்ட குஞ்சும் பெண்ணாகிவிடுகிறது, பின்னாளில் முட்டையும் இடுகிறது. கான்பெரா பல்கலைக்கழகத்தார் 2007-இல் ஆய்வகத்தில் காட்டியதை, 2015-இல் ஆஸ்திரேலியக் காட்டிலேயே நடப்பதாகக் கிளேர் ஹோலிலியும் உடன் ஆய்வாளர்களும் நிறுவினார்கள். சேலையூரில் மே மாதம் அலமாரியில் வைத்த முட்டைக்கு 33 டிகிரி சும்மாவே கிடைக்கும். வீட்டில் குஞ்சு பொரிக்க வைப்பவர்களுக்கு எல்லாம் பெண்ணாகவே வந்தால் ஜோசியரைக் கேட்க வேண்டாம்.

தனியாக வளரும் பெண்ணும் பருவம் வந்தால் கருவில்லாத முட்டையிடும் என்பது பலருக்குத் தெரியாது. வயிறு உப்பி, தொட்டியின் மூலையைப் பறண்டிக்கொண்டே இருந்தால் நோய் என்று பயப்படாமல், ஈரமணல் நிறைந்த ஆழமான டப்பா ஒன்றை வைத்துக் கொடுங்கள். தோண்ட இடமில்லாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதுதான் பயப்பட வேண்டியது.

வெயிலில் ஒரு நன்மையும் உண்டு, அதை நம்மவர்கள் வீணடிக்கிறார்கள். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரில் பி வகை தோலில் பட்டால்தான் டி3 வைட்டமின் உருவாகும். அது இருந்தால்தான் உண்ட கால்சியம் எலும்புக்குப் போகும். இல்லாவிட்டால் தாடை ரப்பராகும், கால் வளையும். ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை விடாது. ஆகவே ஜன்னலோரம் வைத்தால் வெளிச்சம் கிடைக்கும், வைட்டமின் கிடைக்காது. ஐரோப்பியர்கள் காசைக் கொட்டி யூ.வி. டியூப் வாங்குகிறார்கள், நமக்கு மொட்டைமாடி இருக்கிறது. தை பிறந்ததிலிருந்து காலை 9 மணி சுமாருக்கு அரைமணி நேரம், வலைக்கூண்டில், பாதிக்கு நிழல் விழும்படி வைத்து, நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். காகமும் வல்லூறும் ஓணான் தின்றே வளர்ந்தவை. ஆஸ்திரேலியா என்று பாஸ்போர்ட் பார்க்காது. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது கொலை. நவம்பர், டிசம்பர் மேகமூட்ட நாட்களுக்கு மட்டும் டியூப் வேண்டும்.

கீரையில் முருங்கை முதலிடம், கால்சியம் மிகுதி. செம்பருத்திப் பூவை விரும்பித் தின்னும். பாலக்கும் தண்டுக்கீரையும் தினசரி வேண்டாம். அவற்றின் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தூங்கும்போது

ஒரு சின்ன இடைச்செருகல். 2016-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் ஜில் லோரான் குழுவினர் இந்த டிராகன்களின் மூளையில் மின்முனை வைத்து இரவு முழுக்கக் கவனித்தார்கள். நமக்குக் கனவு வரும் கட்டத்தைப் போன்ற, கண்கள் துடிக்கும் உறக்கம் இவற்றுக்கும் இருந்தது. ஆழ்ந்த உறக்கமும் இதுவும் சுமார் 80 வினாடிக்கு ஒருமுறை மாறி மாறி, ஓர் இரவில் ஏறத்தாழ 350 சுற்று. பறவைக்கும் பாலூட்டிக்கும் மட்டுமே உரியது என்று எண்ணிய உறக்கம் ஊர்வனவற்றுக்கும் உண்டு என்று அப்போது பேசப்பட்டது. இரவில் விளக்கைப் போட்டு நண்பர்களுக்குக் காட்டும் வழக்கமுள்ளவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குமுன்

ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்கு வெளியே விடுவதை 1960-களிலேயே நிறுத்திவிட்டது. உலகச் சந்தையில் இருப்பவை பிற நாடுகளில் கூண்டில் பிறந்த வம்சம். சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளுக்குள் பல்லியும் பாம்பும் பிடிபடும் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. சாக்ஸில் சுருட்டி, தண்ணீரில்லாமல் கொண்டுவரப்பட்டவற்றில் எத்தனை பிழைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டுயிர் வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிரிகளை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. விற்பவரிடம் ரசீதும், எங்கே பிறந்தது என்பதற்கான தாளும் கேளுங்கள். தாள் இல்லை என்றால் அடுத்த கடைக்கும் போக வேண்டாம், வீட்டுக்குத் திரும்புங்கள்.

சலித்துப்போனால் கிறித்தவக் கல்லூரிக் காட்டிலோ ஏரிக்கரையிலோ விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு வாங்காதீர்கள். அங்கே மழைக்குக் காத்திருக்கத் தெரிந்த ஓணான் ஏற்கெனவே இருக்கிறது. இது அங்கே ஒரு பருவமழையைத் தாண்டாது, தாண்டினால் நோயைப் பரப்பும்.

ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவர் யார், எங்கே என்று வாங்குமுன் விசாரித்து வையுங்கள். தாம்பரம் பக்கம் கிடைக்காவிட்டால் வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்கலாம். இத்தனைக்குப் பிறகும் வாங்குவதென்று முடிவு செய்தால், தீபாவளி போனஸ் வந்த கையோடு வாங்காதீர்கள். மழையும் புது இடமும் சேர்ந்து குட்டியைச் சாய்த்துவிடும். பிப்ரவரியில் வாங்குங்கள். அடுத்த பருவமழைக்கு எட்டு மாதம் இருக்கும்.